ஆளில்லா நாள்

போன வாரம் நம் கதாநாயகியை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? பெரியம்மாவின் மேசைக்கு முன்னால். தன் கைபேசியைக் கொடுக்க மனமே இல்லாமல் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

பெரியம்மா என்றால் சொந்தப் பெரியம்மா இல்லை. அவள் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தின் இயக்குநர். முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'பெரியம்மா'. அவருடைய இழுப்பறையில்தான் இப்போது அவளுடைய கைபேசியும் மடிக்கணினியும் பூட்டிக் கிடக்கின்றன.

அந்த நிறுவனத்தில் அப்படி ஒரு வழக்கம். துறைத் தலைவர் பதவிக்கு ஒருவரை நினைத்துவிட்டால், கடிதத்தில் கையெழுத்து விழுவதற்கு முன் அவரை ஒரு முழு வேலைநாள் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அன்றைக்கு அவரிடம் யாரும் நேராகவோ சுற்றி வளைத்தோ ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அவர் இல்லாமல் அவருடைய ஆட்கள் அந்த நாளை ஓட்டிவிட்டால் பதவி அவருக்கு. ஓட்ட முடியவில்லை என்றால் வெளியிலிருந்து ஒருவர் வந்து நாற்காலியில் உட்காருவார். இவர் இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். இதற்குப் பெயர் ஆளில்லா நாள். இன்றைக்கு அவளுடைய முறை.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அலுவலகத்தில் என்ன பட்டப்பெயர் தெரியுமா? தீயணைப்பு! எங்கே எது பற்றிக்கொண்டாலும் ஓடிவந்து அணைப்பவள். ஒன்பது வருஷமாக அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்துபோனவள். அவளைப் பிடித்துச் சும்மா உட்கார வைத்தால் உட்காருவாளா?

காலை ஒன்பது மணிக்குள் ஃபிரிட்ஜைத் துடைத்து முடித்துவிட்டாள். ஒன்பதரைக்கு சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினாள். பத்து ஆவதற்குள் அதே டப்பாக்களை எழுத்து வரிசையில் மாற்றினாள்.

கணவன் பையைத் தோளில் மாட்டியபடி வாசல்படியில் நின்று வேடிக்கை பார்த்தான். அவன் பிசியோதெரபிஸ்ட். ஊரார் முட்டியையும் தோளையும் வளைத்து நிமிர்த்துவது தொழில். வீட்டில் மனைவியை வம்புக்கு இழுப்பது பொழுதுபோக்கு.

"என்ன தலைவி, கை பரபரங்குதா?"

"இல்லையே. நல்லா நிம்மதியாத்தான் இருக்கேன்."

"அதான் உப்பு டப்பாவை மூணாவது தடவையா நகர்த்துறியா?"

"ஏங்க... உங்க ஃபோனைக் கொஞ்சம் குடுங்களேன்."

"எதுக்கு?"

"மழை வருமான்னு பாக்கத்தான்."

"ஜன்னலைத் திற, தெரியும்" என்றான் அவன். "அப்பா! இவளைக் கொஞ்சம் பாத்துக்குங்க. அக்கம்பக்கத்துல யார்கிட்டயாவது ஃபோன் கடன் கேக்கப் போயிடப் போறா."

கூடத்தில் செய்தித்தாளின் குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாமனார் நிமிராமலே தலையாட்டினார். முப்பத்து நான்கு வருஷம் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. பென்சில் எப்போதும் காதில். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு 'ஏன்' வந்துவிடும். லிஃப்ட் ஏன் குலுங்குகிறது? மைக்ரோவேவில் கிண்ணம் சுடுகிறது, சாதம் ஏன் சுடவில்லை? மருமகள் கணினிக்காரி என்பதால் பாதி 'ஏன்'கள் அவளைத் தேடித்தான் வரும். "அப்புறம் சொல்றேன் மாமா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். அந்த அப்புறம் இதுவரை வந்ததே இல்லை.

கணவன் போன பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்நேரம் அங்கே என்ன நடக்கும்?

அவளுடைய குழுவின் மென்பொருள் பதினான்கு மருத்துவமனைகளில் ஓடுகிறது. மாடியில் டாக்டர் மருந்தை எழுதித் தட்டினால், அது கீழே மருந்து கவுன்ட்டரின் திரையில் வந்து விழ வேண்டும். விழாமல் போனால் கவுன்ட்டருக்கு முன்னால் வரிசை வளரும். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் நின்றபடியே இருக்க வேண்டியதுதான். அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் பெயர் 'நிதானம்'. அதுவும் பட்டப்பெயர்தான். கூரையே இடிந்து விழுந்தாலும் 'எந்தப் பக்கம் விழுது?' என்று பார்த்துவிட்டு எழுந்திருக்கிற ஆள். நிதானம் இன்றைக்கு என்ன செய்துகொண்டிருப்பார்? மண்டை குடைந்தது அவளுக்கு.

பதினொன்று ஐந்துக்கு மாமனாரின் கைபேசி அடித்தது.

அதுவே ஓர் அதிசயம். அவருக்கு யார் ஃபோன் செய்வார்கள்? மாதத்துக்கு ஒரு முறை அவருடைய தங்கை, வாரத்துக்கு ஒரு முறை தவறான எண். எடுத்துப் பார்த்தவர், எழுந்து பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் துடைப்பது போல ஜன்னலோரம் நகர்ந்து எட்டிப் பார்த்தாள். முதுகு விறைப்பாக, வண்டியை வழியனுப்புகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மாமா."

"உன் ஆபீஸ்ல ரெண்டு பெரிய மிஷின் இருக்குன்னு சொல்வியே..."

"சர்வர் மாமா. மூத்தது, இளையதுன்னு பேர் வச்சிருக்கோம்."

"அதுங்க ரெண்டும் ஒரே நேரத்துல படுத்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். "எதுக்கு மாமா கேக்குறீங்க?"

"எங்க வேலையில ரெண்டு வண்டி எதிரும் புதிருமா நின்னுட்டா, எதை முதல்ல நகர்த்துறதுன்னு ஒரு கணக்கு இருக்கும். உங்க தொழில்ல எப்படின்னு பாக்கலாம்னு..."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாவம், காலையிலிருந்து அந்த வீட்டில் பேச ஆளில்லை. பேசத் தெரிந்த விஷயமும் அது ஒன்றுதான். ஓடிப்போய் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் எடுத்து வந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இது மூத்தது, இது இளையது. எல்லாரும் பதறிப்போய் மூத்ததைத்தான் முதல்ல எழுப்புவாங்க. அங்கதான் தப்பு. மூத்தது எழுந்ததும் இளையதைப் பார்த்து, 'நான் தூங்குனப்போ என்னென்ன மருந்துச் சீட்டு வந்துச்சு?'ன்னு கேக்கும். அது தூங்கிட்டிருக்குமா, பதிலே வராது. இதுவும் திரும்பப் படுத்துக்கும்."

"அப்போ சின்னவனைத்தான் முதல்ல எழுப்பணும்."

"அதேதான்! எழுப்பினா ஸ்கிரீன்ல ஒரு நம்பர் வரும். அறுநூறு, எழுநூறுன்னு. காத்துக் கிடக்குற சீட்டுங்களோட எண்ணிக்கை. அது கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். பூஜ்யம் ஆகுற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலஞ்சு நிமிஷம். ஆனா அது நாலு யுகம் மாமா. நடுவுல இருபதுல வந்து அப்படியே நின்னுடும். செத்துப்போச்சுன்னு நெனச்சு யாராவது பட்டனை அமுக்கிடுவாங்க. அமுக்கினா போச்சு, மறுபடி முதல்லேர்ந்து."

"நீ என்ன பண்ணுவே?"

"எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடிப்பேன்" என்று சிரித்தாள். "கைக்கு வேற வேலை குடுத்தாத்தான் சும்மா இருக்கும். குடிச்சிட்டு வந்தா பூஜ்யம் ஆகியிருக்கும். அப்புறம் மூத்ததை எழுப்ப வேண்டியதுதான். அவ்வளவுதான் வித்தை."

மாமனார் குறுக்கெழுத்தின் ஓரத்தில் என்னவோ கிறுக்கினார். பிறகு விரலை மடக்கிக்கொண்டே திருப்பிச் சொன்னார். "முதல்ல இளையது. நம்பர் இருபதுல நிக்கும், தொடக்கூடாது. பூஜ்யம் ஆனதும் மூத்தது. சரிதானே?"

"நூத்துக்கு நூறு மாமா!"

"துண்டு காயப் போட்டிருக்கேன். மழை வர்ற மாதிரி இருக்கு" என்று எழுந்து மறுபடி பால்கனிக்குப் போனார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும் கேட்கவில்லை. தன் வேலையைப் பற்றி ஒரு மனுஷர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாரே என்ற சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் தூக்கம் வரவில்லை. நான்கு மணிக்குத் தேநீர் போட்டாள், ஐந்து மணிக்கு இன்னொரு தேநீர். ஐந்தரைக்குக் கணவன் வந்தான். ஆறு மணி சுமாருக்கு அவனுடைய கைபேசி அடித்தது. திரையைப் பார்த்தவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"பெரியம்மா!" என்று உதட்டை மட்டும் அசைத்து, கைபேசியை அவளிடம் நீட்டினான்.

"வாழ்த்துக்கள்" என்றது பெரியம்மாவின் குரல். அந்தக் குரலில் சிரிப்பைக் கேட்பது அவளுக்கு இதுவே முதல் தடவை. "உங்க ஆளுங்க தேறிட்டாங்க. அதாவது, நீங்க தேறிட்டீங்க."

"நிஜமாவா மேடம்? ஒரு பிரச்சினையும் வரலையா?"

"வராம இருக்குமா? பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டு சர்வரும் விழுந்துடுச்சு. பதினாலு ஆஸ்பத்திரியிலேர்ந்தும் மாத்தி மாத்தி ஃபோன். நான் கீழ வந்தப்போ உங்க நிதானம் இளையதை எழுப்பிட்டு உட்கார்ந்திருக்கார். நம்பர் குறைஞ்சுக்கிட்டே வந்து இருபதுல நின்னுடுச்சு. எனக்கே கை துறுதுறுங்குது! அந்த மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வர்றார்! நாப்பது நிமிஷத்துல எல்லாம் சரியாயிடுச்சு. ஆளை நல்லாத் தயார் பண்ணி வச்சிருக்கீங்க. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடுறேன்."

அவள் "தேங்க்ஸ் மேடம்" என்றாளா, இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை.

கணவன் அவள் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். "நான் சொன்னேன்ல! தலைவிதான், தலைவியேதான்!" அவள் சுற்றி வந்து நின்ற இடத்திலிருந்து நேரே பார்த்தால் மாமனார். செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் உயரப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"மாமா."

"ம்?"

"காலையில யார் ஃபோன் பண்ணாங்க?"

"அது... ராங் நம்பர்மா."

"ராங் நம்பர்காரருக்கு, துண்டு எடுக்குற சாக்குல ரெண்டாவது தடவை நீங்க எதுக்கு மாமா ஃபோன் பண்ணீங்க?"

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா! நீங்க இவளைப் போட்டு வாங்கிட்டீங்களா?"

"நானா தேடிப் போகலைடா" என்றார் மாமனார். "இவ எழுதின புஸ்தகத்துலயே என் நம்பர் இருந்துச்சாம்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

குழுவுக்காக அவள் எழுதிவைத்த கையேடு அது. நூற்று எண்பது பக்கம். எந்தக் கோளாறுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. ஒரே ஒரு பக்கம் மட்டும் பாக்கி. 'இரண்டு சர்வரும் நின்றுபோனால்' என்று தலைப்புப் போட்டுவிட்டு, நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி தட்டியிருந்தாள்: 'என்னைக் கூப்பிடவும்.' தன் எண். அதற்குக் கீழே, 'எடுக்காவிட்டால் வீட்டுக்கு.' கணவன் யாருடைய முட்டியையாவது பிடித்துக்கொண்டிருந்தால் ஃபோனை எடுக்க மாட்டான் என்று மாமனாரின் எண். எழுதி ஆறு வருஷம் ஆகிறது. அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை.

"அந்தத் தம்பி பாவம், ரொம்பத் தயங்கித்தான் பேசினாரு" என்றார் மாமனார். "ரூல் தெரியும் சார், ஆனா கவுன்ட்டர்ல ஜனங்க நிக்கிறாங்கன்னாரு. ஜனம் நிக்குதுன்னா ரூல் கொஞ்சம் ஓரமா நிக்கட்டும்னு நான்தான் சொன்னேன். தப்புன்னா என் தப்பு."

"ஒரு தப்பும் இல்லை" என்றான் கணவன். "இவளுக்கு விஷயமே தெரியாது. தெரியாமச் சொன்னது எப்படிக் கணக்குல வரும்? விடுங்க, நாளைக்குக் கையெழுத்து. கதை முடிஞ்சுது."

அவள் காதில் அது விழவில்லை. அவளுக்கு வேறு ஒன்று குடைந்துகொண்டிருந்தது.

"ஒன்பது வருஷமா பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருக்கார். இதை ஏன் என்கிட்ட முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கலை?"

மாமனார் பென்சிலை உருட்டினார். "அதை நானும் கேட்டேன்மா."

"என்ன சொன்னார்?"

"வேண்டாம், விடு."

"சொல்லுங்க மாமா."

"நாலு தடவை கேட்டாராம். நாலு தடவையும், 'நகருங்க, நானே பாத்துக்கறேன்'னியாம்." பென்சிலைக் காதில் செருகினார். "'நான் கேட்டாச் சொல்ல மாட்டாங்க சார். நீங்க கேட்டாச் சொல்லுவாங்க'ன்னாரு."

அவள் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

உண்மைதான். நான்கு தடவையும் நினைவுக்கு வந்தது. அவள் "நகருங்க" என்றதும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியைச் சக்கரத்தோடு பின்னால் தள்ளிக்கொள்வார். அப்படி மறுபேச்சில்லாமல் நகர்ந்ததால்தான் அவருக்கு நிதானம் என்று பெயரே வந்தது. வைத்தவள் அவள்தான்! நெருப்பை அணைக்கத் தெரிந்தவள், வாளி இருக்கிற இடத்தை யாருக்கும் காட்டவில்லை. காட்டிவிட்டால் தன்னை யார் கூப்பிடுவார்கள் என்ற பயம். அது பயம்தான் என்பது இன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. அவமானத்தில் காது மடல் சுட்டது.

"ஏங்க, ஃபோனைக் குடுங்க."

"எதுக்கு?"

"மேடம்கிட்டச் சொல்லணும்."

"உனக்கென்ன பைத்தியமா?" கணவன் கைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "இந்தப் பதவிக்கு எத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தே! வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்தா, அவனுக்கு அனா ஆவன்னாவிலேர்ந்து நீதான் சொல்லிக் குடுக்கணும்."

"எனக்கும் வேணும்தாங்க. ரொம்ப வேணும்." அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. "போன வாரம் யாரும் இல்லாதப்போ அந்த நாற்காலியில உட்கார்ந்துகூடப் பார்த்தேன். ஆனா ஆளை நல்லாத் தயார் பண்ணி வச்சிருக்கேன்னு மேடம் சொன்னாங்க. நான் தயார் பண்ணலையே. அதைக் கேட்டுக்கிட்டு நாளைக்கு அவர் மூஞ்சியை எப்படிப் பாப்பேன்?"

கணவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். கைபேசி அவள் கைக்கு வந்தது.

இரண்டாவது மணியிலேயே பெரியம்மா எடுத்தார்.

"மேடம், நான் தேறலை" என்றாள் அவள். மூச்சு விட்டால் மனசு மாறிவிடுமோ என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். பால்கனி, உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, எழுதாத பக்கம், நான்கு தடவை சொன்ன 'நகருங்க'. கூப்பிட்டவர் பெயரை மட்டும் சொல்லவில்லை.



"யார் கூப்பிட்டது?" என்றார் பெரியம்மா. சிரிப்பு போய்விட்டிருந்தது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "என் புஸ்தகம்தான் கூப்பிட்டுச்சு மேடம். நான் எழுதினது. வேற யார் மேலயும் தப்பு இல்லை."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"கடிதம் அப்படியே இருக்கட்டும். இப்போ கையெழுத்துப் போடலை."

"சரி மேடம்." கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு சீக்கிரம் முட்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"உங்க மாமனார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்..."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"அவரையா? மேடம், அவர் வயசானவர், தெரியாமப் பண்ணிட்டார், அவரைப் போய்—"

"ஒன்பது வருஷமா உங்க வாயிலேர்ந்து யாராலும் வாங்க முடியாததை, அவர் பத்து நிமிஷத்துல வாங்கிட்டார்" என்றார் பெரியம்மா. "அவர்கிட்ட எனக்கு ஒரு வேலை இருக்கு."

தொடர்பு அறுந்தது.

அவள் கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன சொன்னாங்க?" என்றான் கணவன். சொன்னாள். அவன் வாயைப் பிளந்தான்.

"என்கிட்டயா?" மாமனார் எழுந்தே விட்டார். "என்ன வேலையாம்?"

"தெரியலை மாமா. நான் கேக்கலை."

"ஏன் கேக்கலை?" என்றார் அவர்.

அவள் கைபேசியைக் கணவனிடம் திருப்பிக் கொடுத்தாள். கேட்டுத் தெரிந்துகொள்வது என்ற ஒன்று அவளுக்கு இதுவரை பழக்கமே இல்லை.